தகரமும் மரமும் கொண்டு மேட்டுப்பாத்தி: பெங்களூரு வீட்டுக் கொல்லைக்கான முழுமையான வழிகாட்டி

பெங்களூருவில் 30×40 அடி மனையில் வீடு கட்டியவர்களுக்குக் கொல்லை என்று மிஞ்சுவது பெரும்பாலும் ஒரு கீற்று நிலம்தான். அந்தக் கீற்றிலும் நல்ல மேல்மண் இருப்பதில்லை. கடைக்கால் தோண்டியபோது வெளிவந்த அடிச்செம்மண்ணும், சிந்திய சிமெண்டுக் கலவையும், செங்கல் துண்டுகளும், ஜல்லியும் சேர்ந்து இறுகிக் கிடக்கும். அதைக் கொத்திப் பண்படுத்தப் பல ஆண்டுகள் ஆகும். அதன் மேலேயே ஒரு பெட்டியை எழுப்பி, நல்ல மண்ணை நிரப்பினால் முதல் பருவத்திலேயே கீரை அறுக்கலாம். கே.ஆர்.புரம் பக்கத்தில் எங்கள் வீட்டுக் கொல்லையில் இப்படி இரண்டு பாத்திகள் இருக்கின்றன. ஒன்று நெளித் தகட்டையும் மரச்சட்டத்தையும் கொண்டு முறையாகக் கட்டியது. மற்றொன்று, அதற்கு முன் தவறாகக் கட்டி, பிரித்து, மறுபடியும் கட்டியது.

அந்தத் தவற்றை முதலில் சொல்லிவிடுவது நல்லது. நான்கு மூலைகளில் நான்கு கால்கள், 8 அடி நீளப் பக்கத்தின் நடுவில் ஒரு கால் என்று வைத்து, கால்கள் கண்ணில் படாமல் இருக்கட்டும் என்று அவற்றைப் பெட்டியின் உட்புறம் நிறுத்தி, வெளியிலிருந்து தகட்டை முடுக்கியிருந்தேன். கோடை முழுவதும் பாத்தி நன்றாகவே நின்றது. அக்டோபர் மழையில் மண் ஊறியதும் நீளப் பக்கம் கர்ப்பிணியின் வயிறுபோல் முன்னே தள்ளிக்கொண்டு வந்தது. திருகுகள் மரத்தைப் பிய்த்துக்கொண்டு வெளியேறின. சரிசெய்ய வந்த கிருஷ்ணகிரிக்கார ஆசாரி அதைச் சுற்றிப் பார்த்துவிட்டு, “ஐயா, நீங்க பெட்டி செஞ்சிருக்கீங்க. இங்க வேண்டியது பெட்டி இல்ல, மண்ணைத் தாங்குற சுவரு” என்றார். இந்த வழிகாட்டியில் உள்ள அளவுகள் எல்லாம் அந்த ஒரு வாக்கியத்திலிருந்து பிறந்தவை.

நனைந்த மண் கன மீட்டருக்கு ஏறத்தாழ 1,800 கிலோ எடை இருக்கும். 65 செ.மீ. உயரத்துக்கு அதை நிரப்பினால், 8 அடி நீளமுள்ள ஒரு பக்கத்தின் மீது மட்டும் சுமார் 300 முதல் 450 கிலோ எடைக்குச் சமமான விசை வெளிநோக்கித் தள்ளிக்கொண்டிருக்கும். அந்த விசை மேலே குறைவாகவும் அடியில் மிகுதியாகவும் இருப்பதால், அதன் மொத்தத் தாக்கம் மண்ணுயரத்தின் மூன்றில் ஒரு பங்கில், அதாவது தரையிலிருந்து ஏறக்குறைய 20 செ.மீ. உயரத்தில் விழுகிறது. கால்களை எவ்வளவு நெருக்கமாக வைப்பது, எதிரெதிர்ப் பக்கங்களை இணைத்துப் பிடிக்கும் இழுப்புக் கம்பியை எந்த உயரத்தில் கட்டுவது, தகட்டை எந்தப் பக்கம் வைப்பது ஆகிய மூன்று கேள்விகளுக்கும் விடை இதிலேயே இருக்கிறது.

இடம் தேர்தல்

ஒரு நாளில் ஆறு மணி நேரமாவது வெயில் விழும் இடமாக இருக்க வேண்டும். பாத்தியின் நீளம் வடக்கு தெற்காக அமைந்தால் செடிகள் ஒன்றன்மேல் ஒன்று நிழலிடுவது குறையும். சுற்றுச்சுவரை ஒட்டிக் கட்டாதீர்கள். ஈரமண்ணின் தள்ளுவிசையைத் தாங்கும்படி மெல்லிய சுற்றுச்சுவர்கள் கட்டப்படுவதில்லை. தவிர, பின்பக்கம் கை எட்டாமல் போகும், கரையான் ஏறினாலும் கண்ணுக்குத் தெரியாது. இரண்டடி இடைவெளி விட்டால் போதும். பாத்தியின் அகலம் 4 அடிக்கு மேல் போகக் கூடாது. இருபுறமும் நின்று நடுப்பகுதியை எட்ட அதுவே எல்லை.

மொட்டைமாடியில் இதைக் கட்டலாமா என்று பலர் கேட்கிறார்கள். இந்த அளவில் கட்டவே கூடாது. ஆட்கள் ஏறிச் செல்லும் கூரைத்தளத்துக்கு இந்தியத் தரநிலையான ஐ.எஸ். 875 வகுத்திருக்கும் பயன்பாட்டுச் சுமை சதுர மீட்டருக்கு 1.5 கிலோ நியூட்டன், அதாவது சுமார் 150 கிலோ. தேங்காய்நார்த் தூள் மிகுதியாகக் கலந்த இலேசான கலவையை நிரப்பினாலும், 65 செ.மீ. உயரத்தில் நனைந்த நிலையில் அது சதுர மீட்டருக்கு 600 கிலோவைத் தாண்டிவிடும். மாடியில் தோட்டம் வேண்டுமென்றால் தாழ்வான தொட்டிகளையும் பைகளையும் பயன்படுத்துங்கள். அதற்கும் முன்பு கட்டடப் பொறியாளர் ஒருவரிடம் தளத்தைக் காட்டுங்கள்.

தகடு வாங்குதல்

கடையில் இரண்டு வகை நெளித் தகடுகள் கிடைக்கும். ஒன்று துத்தநாகம் மட்டும் பூசிய ஜி.ஐ. ஷீட். மற்றொன்று 55 சதவீதம் அலுமினியமும் ஏறத்தாழ 43.5 சதவீதம் துத்தநாகமும் சிறிது சிலிக்கனும் சேர்ந்த பூச்சுக் கொண்ட கால்வல்யூம். கலர் ஷீட் என்று விற்கப்படுவதில் பெரும்பாலானவை இவற்றின் மேல் வண்ணம் ஏற்றியவை. கால்வல்யூம் மழையிலும் வெயிலிலும் நீண்ட காலம் உழைக்கும். ஆனால் மண்ணோடு ஒட்டியிருக்கும் இடத்திலும், வெட்டுப்பட்ட விளிம்பிலும், துத்தநாகப் பூச்சு தன்னை அரித்துக்கொண்டு இரும்பைக் காப்பாற்றும் இயல்பு மிகுந்தது. ஆகவே பாத்திக்கு நான் ஜி.ஐ. தகட்டையே தேர்ந்தெடுப்பேன். 0.5 மி.மீ. கனத்துக்குக் குறையாமல் வாங்குங்கள். அதைவிட மெல்லியது கையில் எடுக்கும்போதே நெளியும்.

கீழே சொல்லியிருப்பது 8 அடி நீளம், 80 செ.மீ. அகலம் கொண்ட தகட்டுக்கான கணக்கு. இப்படி மூன்று தகடுகள் வேண்டும்: இரண்டு நீளப் பக்கங்களுக்கு, மூன்றாவதைச் சரிபாதியாக 4 அடியில் வெட்டிக் குறுக்குப் பக்கங்களுக்கு. கடைக்காரர் தரும் தகட்டின் அகலம் வேறாக இருந்தால் உயரக் கணக்கை மட்டும் அதற்கேற்ப மாற்றிக்கொள்ளலாம். அந்த ஒரே வெட்டையும் கடையிலேயே வெட்டி வாங்கிவிடுவது நல்லது. வீட்டில் வெட்ட வேண்டியிருந்தால் தகரக் கத்தரியைக் கொண்டு வெட்டுங்கள்; கிரைண்டரின் தேய்ப்புச் சக்கரத்தைத் தொடாதீர்கள். அதன் சூடு விளிம்பிலுள்ள பூச்சை எரித்துவிடும். தெறிக்கும் இரும்புப் பொறிகள் தகட்டின் முகத்தில் ஒட்டி ஒரு மழைக்குள் துருப்புள்ளிகளாகும். வெட்டிய விளிம்புக்குத் துத்தநாகம் மிகுந்த பிரைமரை இரண்டு முறை பூசுங்கள். தோல் கையுறை இல்லாமல் தகட்டைத் தொடவே வேண்டாம்.

துத்தநாகம் காய்கறியில் சேருமா என்ற அச்சம் நியாயமானதுதான். துத்தநாகம் செடிக்கும் நமக்கும் சிறிதளவு தேவைப்படும் தாது. நடுநிலையான மண்ணில் பூச்சு மிக மெதுவாகவே கரைகிறது. அமிலத்தன்மை கூடும்போதுதான் கரைவது மிகும். பெங்களூரு வட்டாரச் செம்மண் பல இடங்களில் சற்றே அமிலத்தன்மை கொண்டது; நன்கு மக்கிய உரம் சேர்ப்பதால் அது தணியும். வினிகர் கலந்த களைக்கொல்லிகளைத் தகட்டோரம் தெளிக்காதீர்கள்.

உண்மையாகவே அஞ்ச வேண்டியவை வேறு. இடித்த வீடுகளிலிருந்து வரும் பழைய ஆஸ்பெஸ்டாஸ் கூரைத் தகடுகளை எந்தக் காரணத்துக்காகவும் வெட்டவோ உடைக்கவோ கூடாது. அந்த நார்த்தூசி நுரையீரலைக் கொல்லும். வண்ணம் உரியும் பழைய கதவு, சன்னல் மரங்களையும் தவிர்க்க வேண்டும். வீட்டு வண்ணப்பூச்சில் ஈயத்தின் அளவை மில்லியனில் 90 பங்குக்குள் கட்டுப்படுத்தும் விதி இந்தியாவில் 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முந்தைய பூச்சில் என்ன இருக்கிறது என்று கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. கிரியோசோட் ஊறிய பழைய ரயில்வே கட்டைகளும் உணவு விளையும் பாத்திக்கு ஆகாதவை.

மரம்

பெங்களூருவில் பழைய வீடுகள் இடிபடும் ஒவ்வொரு முறையும் நல்ல மரம் வெளியே வருகிறது. அந்தக் காலத்து நிலைகளும் உத்திரங்களும் தேக்கிலோ வேங்கையிலோ கருமருதிலோ செய்தவை. இங்கே வேங்கையை ஹொன்னே என்றும், கருமருதை மத்தி என்றும் கேட்டால் கடைக்காரருக்கு உடனே புரியும். வண்ணம் பூசாத பழைய வைரமரம் (மரத்தின் கெட்டியான உட்பகுதி) கிடைத்தால் புதிய மரத்தைத் தேடவே வேண்டாம். புதிதாக வாங்குவதானால் வெளிர்நிற ஓரப்பகுதி இல்லாத வைரமரமாகப் பார்த்து எடுங்கள். கரையான் முதலில் தின்பது அந்த வெளிர்ப்பகுதியைத்தான்.

இரசாயனம் ஏற்றிய மரத்தை வாங்கினால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். தாமிரம் சேர்ந்த பாதுகாப்புக் கரைசல் ஏறிய மரம், ஈரத்தில் துத்தநாகப் பூச்சைத் தொட்டுக்கொண்டிருந்தால் பூச்சு வேகமாக அரிக்கப்படும். திருகுகளுக்கும் அதே கதிதான். தாமிரத்தோடு ஆர்செனிக்கும் சேர்ந்த பழைய முறைக் கரைசல் காய்கறிப் பாத்திக்கு அறவே வேண்டாம். நான் ஆளிவிதை எண்ணெயை மூன்று முறை, ஒவ்வொன்றும் காய்ந்த பின், வெட்டுமுகங்களில் கூடுதலாக ஊறவிட்டுத் தடவுகிறேன். முந்திரிக்கொட்டையின் ஓட்டிலிருந்து எடுக்கும் எண்ணெயும் மரத்தைக் காக்கும். ஆனால் அது தோலைப் புண்ணாக்கும். கையுறையும் முழுக்கைச் சட்டையும் இல்லாமல் அதன் அருகில் போகக் கூடாது.

தேவையான மரத்தின் அளவு இது. கால்களுக்கு 4×2 அங்குலச் சட்டம், ஒவ்வொன்றும் 65 செ.மீ. நீளத்தில் 14 துண்டுகள்: மூலைக்கு இரண்டாக எட்டு, நீளப் பக்கத்துக்கு இரண்டாக நான்கு, குறுக்குப் பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு. மொத்தம் 30 அடி நீளம். மேற்பலகைக்கு 6×1½ அங்குலப் பலகை 26 அடி. அங்குலத்தில் அகலத்தையும் கனத்தையும் அடியில் நீளத்தையும் பெருக்கி 144 ஆல் வகுத்தால் கன அடி கிடைக்கும். அந்தக் கணக்கில் இரண்டும் சேர்ந்து சுமார் 3.3 கன அடி. கழிவுக்குச் சேர்த்து நான்கு கன அடி சொல்லுங்கள்.

இவை தவிர வேண்டியவை: ரப்பர் வாஷரோடு கூடிய 1½ அங்குல ரூஃபிங் ஸ்க்ரூ 100, மூலைகளை இணைக்க 4 அங்குலத் திருகுகள் 12, மேற்பலகைக்கு 3 அங்குலத் திருகுகள், 8 மி.மீ. மரையிட்ட ஜி.ஐ. கம்பி இரண்டு, அவற்றுக்கு நட்டும் அகன்ற வாஷரும், அரை அங்குலக் கண்ணுள்ள வெல்டட் மெஷ் (பற்றவைத்த கம்பிவலை), ‘எல்’ வடிவில் மடித்த 80 செ.மீ. ஜி.ஐ. பட்டைகள் நான்கு, சைஸ் கல் (செவ்வகமாகச் செதுக்கிய கருங்கல்) பத்து, பஞ்சர் கடையில் கழித்துப் போட்ட டியூப்கள் சில.

தரையைத் தயாரித்தல்

8×4 அடிச் செவ்வகத்தை முளையடித்துக் கயிறு கட்டிக் குறியுங்கள். மூலைவிட்டங்கள் இரண்டும் 8 அடி 11⅓ அங்குலம் வந்தால் செவ்வகம் சரியாக இருக்கிறது. கயிற்றை ஒட்டி ஒரு சாண் அகலத்தில், 10 செ.மீ. ஆழத்தில் ஒரு சால் (நீளமான பள்ளம்) வெட்டுங்கள். தகட்டின் அடிவிளிம்பு இந்தச் சாலுக்குள் இறங்கி நிற்கும். மண் அடிவழியாகக் கசியாமலும், தகட்டின் அடிப்பகுதி வெளியே நகராமலும் இந்தச் சாலே பிடித்துக்கொள்ளும்.

கால்கள் நிற்கும் பத்து இடங்களிலும், கயிற்றுக்கு வெளிப்புறமாக, சைஸ் கல்லைப் பதித்து, அதன் மேல்முகம் தரைக்கு 5 செ.மீ. உயரத்தில் இருக்கும்படி கெட்டிப்படுத்துங்கள். எல்லாக் கற்களும் ஒரே மட்டத்தில் இருக்கின்றனவா என்று தண்ணீர் நிரப்பிய, ஒளிபுகும் மட்டக்குழாயால் பாருங்கள். இந்த வேலைக்கு அரை நாள் ஆகும், அவசரப்பட வேண்டாம். மரம் மண்ணைத் தொடாமல் கல்லின் மேல் நிற்பதால் அடி இற்றுப்போவதில்லை. அதைவிட முக்கியமாக, மரத்தில் ஏற விரும்பும் கரையான் கல்லின் முகத்தில் மண்குழாய் கட்டியே ஏற வேண்டும். அது நம் கண்ணில் பட்டுவிடும். நம் முன்னோர் மரத்தூணுக்கு அடியில் கல்லை வைத்ததில் இந்த அறிவும் இருக்கிறது.

செவ்வகத்தின் உட்புறத் தரையைக் கடப்பாரையால் ஒரு சாண் ஆழத்துக்குக் கிளறிவிடுங்கள். இறுகிய அடிமண்ணின் மேல் அப்படியே நிரப்பினால் மழைநீர் அங்கே தேங்கி வேர் அழுகும்.

சட்டகத்தைக் கூட்டுதல்

நான்கு பக்கங்களையும் சமதரையில் தனித்தனியாகக் கூட்டி, பிறகு தூக்கி நிறுத்துவதே எளிது. நெளிகள் கிடைமட்டமாக ஓட வேண்டும். நெளித் தகடு நெளி ஓடும் திசையில்தான் விறைப்பானது. ஆகவே நெளிகள் காலுக்குக் கால் ஓடினால் இடையிலுள்ள மண்ணைத் தகடே தாங்கும். அப்படியும் கால்களுக்கு இடையே 2 அடி 8 அங்குலத்துக்கு மேல் விடக் கூடாது. என் முதல் பாத்தியில் அந்த இடைவெளி 4 அடி. வளைவிசை இடைவெளியின் வர்க்கத்துக்கு ஏற்பப் பெருகுவதால், அங்கே தகட்டின் மீது இரண்டு மடங்குக்கும் மேலான வளைவிசை விழுந்திருந்தது.

நீளப் பக்கத்துக்கு முதலில் சட்டங்களைத் தரையில் கிடத்துங்கள்: இரண்டு ஓரங்களிலும் ஒவ்வொன்று, ஓரத்திலிருந்து 2 அடி 8 அங்குலத்திலும் 5 அடி 4 அங்குலத்திலும் நடு அமையும்படி ஒவ்வொன்று. சட்டத்தின் தட்டையான 4 அங்குல முகம் மேலே இருக்கட்டும். அதன் மேல் டியூபை நீளவாக்கில் கிழித்த ரப்பர்ப் பட்டையை விரித்து, அதன் மேல் தகட்டை வையுங்கள். மரமும் தகடும் நேரடியாகத் தொடும் இடத்தில் ஈரம் அகலாமல் தங்கி, மரம் இற்றும் தகடு துருவேறியும் போகும். பாத்தி முதலில் பழுதாவது அங்கேதான். சட்டத்தின் தலை தகட்டின் மேல்விளிம்போடு சமமாகவும், அதன் அடி தகட்டின் கீழ்விளிம்புக்கு 15 செ.மீ. மேலேயும் இருக்க வேண்டும், 10 செ.மீ. சாலுக்கும் 5 செ.மீ. கல்லுக்கும் அந்த இடம். மரத்தைத் தொடும் பள்ளங்களில், ஒன்று விட்டு ஒன்றாக, ஒவ்வொரு சட்டத்துக்கும் ஐந்து திருகு. வைரமரத்தில் முதலில் மெல்லிய துளையிடாவிட்டால் திருகு ஒடியும். வாஷர் சற்றே அமுங்கியதும் நிறுத்துங்கள். நசுங்கிப் பிதுங்கினால் அது பயன்படாது.

இப்படிச் செய்யும்போது தகடு உட்புறமும் மரம் வெளிப்புறமும் அமைகின்றன. மண் தகட்டைத் தள்ளும்; தகடு மரத்தின் மேல் சாயும்; திருகுக்கு வேலையே இல்லை. மாற்றி வைத்தால் முழுச்சுமையும் திருகுகளின் பிடியில் தொங்கும்.

குறுக்குப் பக்கத்தில் நடுவில் ஒரு சட்டமும் ஓரங்களில் இரண்டும். இந்த ஓரச் சட்டங்கள் மட்டும் தகட்டின் விளிம்பைத் தாண்டி மரத்தின் கனம் அளவுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்க வேண்டும். அந்த நீட்சி நீளப் பக்கத்து ஓரச் சட்டத்தின் விலாவை மூடி, மூலையில் ‘எல்’ வடிவமாகும். பக்கங்களைச் சாலில் இறக்கி, கற்களின் மேல் நிறுத்தி, ஒவ்வொரு மூலையிலும் மூன்று 4 அங்குலத் திருகுகளை முடுக்குங்கள். உட்புற மூலையில் ‘எல்’ பட்டையை வைத்து மூடினால் மண் கசியாது. மூலைவிட்டங்களை இன்னொரு முறை அளந்த பிறகே சாலில் மண்ணைத் தள்ளித் திம்சுக் கட்டையால் இடித்து இறுக்குங்கள்.

அடுத்து இழுப்புக் கம்பிகள். எதிரெதிரே நிற்கும் நடுக்கால்களைத் தரையிலிருந்து 25 செ.மீ. உயரத்தில் துளைத்து, மரையிட்ட கம்பியைக் குறுக்கே செலுத்தி, மண்ணுக்குள் இருக்கும் பகுதிக்கு அரை அங்குல பி.வி.சி. குழாயை உறையாக இடுங்கள். தகட்டின் உட்புறம் ஒரு நட்டு, மரத்தின் வெளிப்புறம் அகன்ற வாஷரோடு ஒரு நட்டு. ஒரு பக்கத்தின் தள்ளலும் எதிர்ப்பக்கத்தின் தள்ளலும் இந்தக் கம்பியில் ஒன்றையொன்று சமன் செய்துகொள்கின்றன. மண் நிரப்பிய பிறகு இதைச் சேர்க்க வழியில்லை.

வெல்டட் மெஷ்ஷை அடியில் விரித்து, ஓரங்களை 10 செ.மீ. மேலே மடித்துத் தகட்டோடு திருகுங்கள். பெங்களூருவில் பெருச்சாளி இல்லாத தெரு இல்லை. கோழிவலையை அது ஒரே இரவில் கிழித்துவிடும். கடைசியாக மேற்பலகை: தகட்டின் கூரிய விளிம்பை அது மூடும், உட்கார்ந்து களை பறிக்கவும் உதவும். நீர் வெளிப்புறம் வழியும்படி சற்றே சாய்த்துக் கால்களின் தலையில் திருகுங்கள்.

மேற்குப் பக்கத் தகட்டின் உட்புறத்தில் மட்டும் தென்னைநார் விரிப்பையோ தடித்த அட்டைகளையோ வையுங்கள். மார்ச், ஏப்ரல் மாதங்களின் பிற்பகல் வெயில் தகட்டை ஒட்டிய மண்ணைச் சுட்டுவிடும். மற்றப் பக்கங்களுக்கு இது தேவையில்லை.

நிரப்புதல்

65 செ.மீ. முழுவதும் மண்ணாகவே நிரப்ப வேண்டியதில்லை. அடியில் 25 செ.மீ. உயரத்துக்குக் காய்ந்த கிளைத்துண்டுகள், தேங்காய் மட்டை, சருகு ஆகியவற்றை நெருக்கமாக அடுக்குங்கள். பிப்ரவரி, மார்ச் மாதங்களில் இந்த ஊர்ச் சாலைகளில் உதிரும் இலைகளை இரண்டு மூன்று மூட்டை சேர்த்து வைத்தால் இதற்குப் போதும். காய்ந்த மரப்பொருள் மட்கும்போது மண்ணிலுள்ள தழைச்சத்தை இழுத்துக்கொள்ளும். அதை ஈடுகட்டப் பசுஞ்சாணக் கரைசலை அடுக்குக்கு அடுக்கு ஊற்றுங்கள்.

மேலே 40 செ.மீ. வளர்மண். இதற்குச் சுமார் 42 கன அடி வேண்டும்: செம்மண் 17, மக்கிய தொழுவுரமோ வீட்டு மட்கோ 17, தேங்காய்நார்த் தூள் 8. ஐந்து கிலோ நார்த்தூள் கட்டி ஊறினால் ஏறத்தாழ 70 லிட்டர் ஆகும் என்பதால் மூன்றரைக் கட்டிகள் போதும். நார்த்தூளில் உப்பு இருக்கும். இரண்டு மூன்று தண்ணீரில் ஊறவைத்துப் பிழிந்த பிறகே கலக்க வேண்டும். இதைத் தவிர்த்தவர்களின் நாற்றுகள் இலைநுனி கருகி நிற்பதைப் பார்த்திருக்கிறேன். மண்ணைக் காலால் மிதித்து இறுக்காதீர்கள். அரையடிக்கு ஒரு முறை தண்ணீர் விட்டால் அதுவே படியும்.

மே மாதத்துக்குள் நிரப்பி முடித்தால் கோடைமழையும் ஜூன் மழையும் மண்ணைப் படியவைக்கும். முதல் ஆண்டில் நான்கு விரல் அளவு இறங்கும்; அந்த இடத்தில் மட்கையே சேருங்கள். முதல் பருவத்துக்குச் சிறுகீரை, தண்டுக்கீரை, முள்ளங்கி. அடுத்ததாகத் தக்காளி, கத்தரி, வெண்டை. ஹெசரகட்டாவிலுள்ள இந்தியத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனத்தின் அர்க்கா ரக விதைகளை நான் விரும்பி விதைக்கிறேன். மார்கழியில் அவரைக்காய் மணக்கும் இந்த ஊரில் ஒரு மூலையை அவரைக்கு ஒதுக்காமல் இருக்க முடியாது.

தண்ணீரைப் பற்றியும் சொல்ல வேண்டும். 2024 மார்ச்சில் பற்றாக்குறை முற்றியபோது, குடிநீரைத் தோட்டத்துக்குப் பயன்படுத்தினால் 5,000 ரூபாய் அபராதம் என்று பெங்களூரு குடிநீர் வாரியம் ஆணையிட்டது. மேட்டுப்பாத்தி தரைப்பாத்தியைவிட விரைவில் காயும். ஆகவே மண்ணின் மேல் மூன்று விரல் கனத்துக்குச் சருகு மூடாக்கு எப்போதும் இருக்கட்டும். அரிசி, காய்கறி கழுவிய நீரையும், கூரையிலிருந்து பிடித்த மழைநீரையும் வேரடியில் மட்டும் விடுங்கள்.

ஆண்டுப் பராமரிப்பு அரைநாள் வேலைதான். ஜூன் மழைக்கு முன் மேற்பலகைக்கும் கால்களுக்கும் எண்ணெய் தடவ வேண்டும். மாதம் ஒரு முறை பத்துக் கற்களையும் குனிந்து பார்த்து, கரையானின் மண்குழாய் தெரிந்தால் சுரண்டிவிட வேண்டும். செப்டம்பர் இறுதியில் இழுப்புக் கம்பியின் வெளிநட்டுகளை ஒரு சுற்று முடுக்கி, நீளப் பக்கத்தில் ஒரு கயிற்றை இழுத்துப் பிடித்துப் பாருங்கள். தகடு கயிற்றிலிருந்து ஒரு விரல் அளவு வெளியே வந்திருந்தால், அக்டோபர் மழை பிடிப்பதற்குள் அந்த இடத்தில் வெளிப்புறம் ஒரு சைஸ் கல்லைப் பதித்து இன்னொரு காலை நிறுத்திவிடுங்கள்.